அங்குல அலையா, சாண் அலையா, தென்னை உயர அலையா? குமரி மாவட்டத்தில் ஒரு ரேடியோ குறுக்கீட்டுமானிக்கான தேர்வு

எங்கள் வானியல் குழுவின் முன்னால் இன்று மூன்று திட்டங்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் பணம் அவற்றில் ஒன்றுக்குத்தான் போதும். நாகர்கோவிலில் ஒரு மொட்டைமாடியில், வீடுகளில் கழற்றிப் போட்ட டி.டி.எச். டிஷ்கள் இரண்டை வைத்து 11 ஜிகாஹெர்ட்ஸில் சூரியனைப் பார்ப்பது முதல் திட்டம். குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறைப் பக்கம், முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டிய பின் மறுநடவு செய்யாமல் கிடக்கும் ஒரு வெளியில், இரண்டரை மீட்டர் அகலமுள்ள கம்பிவலை டிஷ்கள் இரண்டை நிறுத்தி 1420 மெகாஹெர்ட்ஸில் பார்ப்பது இரண்டாவது. முட்டத்துக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் செம்புக் கம்பிகளைக் கட்டி, 20 மெகாஹெர்ட்ஸில் வியாழனையும் சூரியனையும் கேட்பது மூன்றாவது. மூன்றுமே இரண்டு ஆன்டெனாக்களைச் சேர்த்துப் பார்க்கும் குறுக்கீட்டுமானிகள். மூன்றையும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கட்டிவிட முடியும். கட்டி முடித்ததற்கு அடுத்த ஆடி மாதத்தில் எது இன்னும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் என்பதே என் கேள்வி. அதற்கு என் விடை இரண்டாவது திட்டம். மற்ற இரண்டின் மேல் எனக்குள்ள மதிப்பை மறைக்காமல், அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

தனி டிஷ் ஒன்றைப் பராமரிப்பதற்கும் குறுக்கீட்டுமானியைப் பராமரிப்பதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. தனி டிஷ் சற்றே அசைந்தாலோ, அதன் கேபிள் வெயிலில் சிறிது நீண்டாலோ பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. வரும் சிக்னலின் பலத்தை மட்டுமே அது பார்க்கிறது. குறுக்கீட்டுமானியோ, ஒரே அலை இரண்டு டிஷ்களுக்கும் எவ்வளவு நேர வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பார்க்கிறது. பூமி சுழலச் சுழல அந்த வித்தியாசம் மாறுகிறது. இரு அலைகளும் ஒரு சமயம் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன, மறு சமயம் ஒன்றையொன்று அழித்து அடங்குகின்றன. பதிவுத் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் அந்த வரிசையைத்தான் குறுக்கீட்டுப் பட்டைகள் என்கிறோம். ஆகவே இங்கே நாம் நாள்தோறும் காக்க வேண்டியது அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. வானிலிருந்து வந்த அலை டிஷ்ஷின் மேல் பட்டதிலிருந்து கணினிக்குள் நுழையும் வரை, இரண்டு பாதைகளின் நீளங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் மாறக் கூடாது. இருபதில் ஒரு பங்கு, அதாவது கட்டத்தில் 18 பாகை, என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் மூன்று திட்டங்களும் எவ்வளவு வேறுபட்டவை என்பது உடனே தெரிந்துவிடும்.

11 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.7 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம். பொறுக்கத்தக்க பிழை 1.4 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். 1420 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 21 சென்டிமீட்டர், நம் கையால் ஒரு சாண். பிழை ஒரு சென்டிமீட்டர் வரை போகலாம். 20 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மீட்டர், நன்கு வளர்ந்த ஒரு தென்னையின் உயரம். முக்கால் மீட்டர் பிசகினாலும் குற்றமில்லை.

இந்தக் கணக்கோடு நின்றுவிட்டால் நீண்ட அலையே எளிது என்று தோன்றும். ஆனால் அலை நீளும்போது அதே அளவுக்கு நிலமும் நீள வேண்டும். சூரியனின் வட்டு வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல் அகலமுடையது. இரண்டு ஆன்டெனாக்களும் நெருக்கமாக இருக்கும்போது சூரியனின் பட்டைகள் ஆழமாக வரும். ஆன்டெனாக்களை விலக்கிக்கொண்டே போனால் ஆழம் குறைந்து, ஒரு தூரத்தில் பட்டைகள் மறைந்தே போகும். அலைநீளத்தை 1.22-ஆல் பெருக்கி அந்தத் தூரத்தால் வகுத்தால் சூரியனின் கோண விட்டம் ரேடியனில் கிடைத்துவிடும். குறுக்கீட்டுமானி என்றால் என்ன என்பதை ஒரு மாணவருக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. இந்தப் பாடத்துக்கு அங்குல அலையில் மூன்றரை மீட்டர் இடம் போதும். சாண் அலையில் 28 மீட்டர் வேண்டும். தென்னை உயர அலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேண்டும். குமரி மாவட்டத்தில் வீடில்லாமல், சாலை குறுக்கிடாமல், ஒரே உரிமையாளரிடம் இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோடு கிடைக்கும் இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

மொட்டைமாடியும் தென்னந்தோப்பும்

மொட்டைமாடித் திட்டத்தை இரண்டு ஆண்டுகள் நானே நடத்திப் பார்த்திருக்கிறேன். அதன் நல்ல பக்கம் மிகவும் நல்லது. டிஷ் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். ரிசீவரின் முன்பகுதியான எல்.என்.பி.யும் டிஷ்ஷோடு சேர்ந்தே வரும். ஊரில் எந்த டிஷ் மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் கிளாம்பை முறுக்கவும் கேபிள் முனை கட்டவும் தெரியும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் மூன்று பாகை. ஆகவே டிஷ்ஷை அசைக்காமல் வைத்தாலே சூரியன் பன்னிரண்டு நிமிடத்தில் அதன் வழியாகக் கடந்து போகும். கிழக்கு மேற்காக இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டையும் வைத்தால் மூன்று நிமிடத்துக்கு ஒரு பட்டை, மொத்தம் நான்கு. காலையில் பள்ளிக்குப் போகும் முன் சாய்வைச் சரிசெய்துவிட்டு, மதிய இடைவேளையில் பதிவைப் பார்க்கலாம்.

இடர் எல்.என்.பி.க்குள் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கெனச் சீரான துடிப்பைத் தரும் ஒரு 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்துக்கொண்டு, அதை 390 மடங்காக்கி, 9,750 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தானே உருவாக்கி, வானத்து அலையை அதோடு கலந்து கீழே இறக்குகிறது. வெயிலில் ஒரு படிகம் மற்றதைவிடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், இரண்டு பாதைகளின் கட்டமும் ஒன்றுக்கொன்று நொடிக்கு 9,750 சுற்று ஓடிவிடும். பட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே ஒன்றின் படிகத்தைச் சூட்டுக்கோலால் கழற்றி, மற்றதன் படிகத்திலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாக இரண்டுக்கும் ஒரே துடிப்பைக் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய முடியும், நாங்கள் செய்தோம். ஆனால் மூடியைத் திறந்த எல்.என்.பி.யின் நீர்த்தடை பழையபடி ஒருபோதும் வருவதில்லை. இரண்டு பருவமழைகளையும் வாங்கும் நம் மாவட்டத்தில் அது எத்தனை மாதம் தாங்கும் என்பது மழையின் கையில் இருக்கிறது. அதோடு, ஒரு மில்லிமீட்டர் அசைவே 13 பாகைக் கட்டப்பிழையாகிவிடும் இந்த அலைநீளத்தில், தோவாளை வழியாகக் கணவாய்க்காற்று மாடியில் வீசும் மாதங்களில் சுவரில் அடித்த தாங்கியின் நடுக்கமே பதிவில் தெரிந்தது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. நம் மாவட்டம் வட அகலாங்கு எட்டுப் பாகையில் இருப்பதால், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. மார்ச் 17-ஐ ஒட்டியும் செப்டம்பர் 27-ஐ ஒட்டியும் சூரியன் அந்தச் செயற்கைக்கோள் வரிசையின் பின்னாலேயே போகிறது. அதற்கு முன்னும் பின்னுமான சில நாட்களில் மூன்று பாகை அகலப் பார்வைக்குள் சூரியனும் செயற்கைக்கோள்களும் ஒன்றாக விழும். பதிவு முழுவதும் செயற்கைக்கோளின் பதிவாகவே இருக்கும். நிலையான ஒரு சிக்னலாக அதைக் கட்டத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம் என்பது வேறு. இந்தச் சிறிய டிஷ்களால் சூரியனை எளிதாகவும் சந்திரனைச் சிரமப்பட்டும் பார்க்கலாம். அதற்கு அப்பால் வானத்தில் அவற்றுக்கு எட்டுவது எதுவுமில்லை. முதல் ஆண்டு மாணவர்களிடம் இருந்த ஆர்வம் இரண்டாம் ஆண்டு தளர்ந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முட்டத்துத் தென்னந்தோப்புத் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். செலவு மிகக் குறைவு. கம்பி, கமுகுக் கம்பம், நைலான் கயிறு, மின்காப்பி, கேபிள். டிஷ் இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்பதற்குள் ஊரைக் கேட்டாக வேண்டும். எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சூரியத் தகட்டின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி என ஒவ்வொன்றும் இந்த அதிர்வெண்ணில்தான் இரைகிறது. கடற்கரையில் மின்கம்பத்துப் பீங்கான்களின் மேல் உப்பு படிந்து, இரவு ஈரத்தில் அவை மெல்லப் பொறி விடுவதை முட்டம், குளச்சல் பக்கம் குடியிருப்பவர்கள் காதாலேயே கேட்டிருப்பார்கள். அந்தப் பொறி ஒவ்வொன்றும் ரிசீவரில் ஒரு வெடிப்பு.

அதைவிடப் பெரிய தடை தலைக்கு மேலே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் காரணத்தால்தான். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். பகலில் அயனிமண்டலத்தில், அதாவது மின்னூட்டம் பெற்ற மேல்வளிமண்டல அடுக்கில், ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சூரியன் மறைந்த பின் அந்த மண்டலம் குமிழ்குமிழாகக் கலைகிறது. நீண்ட அலை அதன் வழியாக வரும்போது, தோப்பில் நாம் முக்கால் மீட்டர் துல்லியத்தைக் காத்து என்ன பயன், அயனிமண்டலமே பல அலைநீளம் பிசகவைத்துவிடும். அயனிமண்டலத்தைத்தான் படிக்கப்போகிறோம் என்று குழு முடிவு செய்தால் இதே இடம் தங்கச் சுரங்கம். அப்போது நானும் தென்னந்தோப்புக்கே வாக்களிப்பேன். வானத்துப் பொருளைப் படிக்க விரும்புபவர்களுக்கு அது பொருந்தாது.

முட்டத்தைப் பற்றிப் பேசும்போது பாறை முகட்டில் நின்று கடலைப் பார்க்காமல் நகர மனம் வரவில்லை. 1946-ன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், டோவர் ஹைட்ஸ் என்னும் கடலோரப் பாறையின் மேலிருந்த ஒரே ஒரு ஆன்டெனாவை வைத்து ரூபி பேய்ன்-ஸ்காட், பாசி, மெக்ரெடி மூவரும் சூரியனின் குறுக்கீட்டுப் பட்டைகளைப் பதிவு செய்தார்கள். உதிக்கும் சூரியனின் அலை நேராகவும் வந்தது, கடல் நீரில் பட்டுத் தெறித்தும் வந்தது. கடலே இரண்டாவது ஆன்டெனாவாக அமைந்தது. கடலில் சூரியன் எழுவதையும் விழுவதையும் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். இந்தச் சோதனையை நம் கரையில் ஒருமுறையேனும் செய்துபார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் சூரியன் தொடுவானத்தை ஒட்டியிருக்கும் சில நிமிடங்களுக்குத்தான் அது பயன்படும்; அலை கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு மார்கழி மாலையில் செய்துகாட்டும் சோதனையாக அதை வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் இயக்கும் கருவியாக அதைக் கருத முடியாது.

சாண் அலைக்கு என் வாக்கு ஏன்

1420 மெகாஹெர்ட்ஸ் என்பது ஹைட்ரஜன் அணு தானாகவே வெளியிடும் அலை. அதைச் சுற்றி 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. மற்ற இரண்டு திட்டங்களுக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. செல்போன் கோபுரத்தின் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பலமாக அடித்தால் முதல் பெருக்கியே திணறிவிடும் என்பதால் வடிகட்டியுள்ள பெருக்கியை வாங்க வேண்டும். அதோடு குன்றுகளின் மடிப்புக்குள் ஒதுங்கியிருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்து நிலத்தின் பெரிய பலம் அதுவே. அங்கே கையடக்க ஆன்டெனாவோடு ஒரு மாலை நின்று பார்த்தபோது செல்போனில் ஒரு கோடுதான் காட்டியது. எங்களோடு வந்த ஒருவர் அதைக் குறையாகச் சொன்னார், எனக்கோ அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

இந்த அலைநீளத்தில் டிஷ்ஷின் பரப்பு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. வலையின் கண் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குள், இருந்தால் அலை அதை முழுத் தகடாகவே எண்ணித் தெறிக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் அரை அங்குலக் கம்பிவலை போதும். புனே அருகே நாராயண்காவ் பகுதியில் 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்களை எழுப்பியவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள். 10 முதல் 20 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையைக் கம்பிகளில் இழுத்துக் கட்டியிருப்பதால் காற்று அதன் வழியே புகுந்து போகிறது. அவர்களை வழிநடத்திய கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1965-ல் மும்பைக்கு அருகே கல்யாணில், இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள 32 சிறு டிஷ்களை வரிசையாக வைத்துச் சூரியனைப் பார்த்துத்தான் தன் பயணத்தைத் தொடங்கியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் எதனால் காற்றாலைகளால் நிறைந்திருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 25 கிலோ எடையின் விசையோடு தள்ளும். இரண்டரை மீட்டர் முழுத்தகட்டு டிஷ்ஷின் பரப்பு ஐந்து சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 120 கிலோ தள்ளுதல். வலை இதில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதோடு பேச்சிப்பாறைப் பக்கம் கணவாய்க்கு நேரே இல்லை. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் இந்த மாவட்டத்தின் ரப்பர் மரங்கள் எப்படி வேரோடு சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள், டிஷ்ஷுக்கும் அருகிலுள்ள மரத்துக்கும் இடையே ஒரு மரத்தின் உயர அளவுக்காவது வெளி விடாமல் அங்கே எதையும் நிறுத்தமாட்டார்கள்.

உணர்திறன் பற்றி ஒரு கணக்கு. இரண்டரை மீட்டர் டிஷ்கள் இரண்டு, ரிசீவரின் இரைச்சல் வெப்பநிலை (அதன் இரைச்சலைக் குறிக்கும் அளவு) 100 கெல்வின், பார்க்கும் அலைவரிசையின் அகலம் இரண்டு மெகாஹெர்ட்ஸ், பத்து விநாடிச் சராசரி என்று எடுத்துக்கொண்டால் இரைச்சலின் அளவு 18 ஜான்ஸ்கி (வானத்து ரேடியோ அலையின் பலத்தை அளக்கும் அலகு) அளவில் வரும். சிக்னஸ் ஏ என்னும் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் பலம் இந்த அலையில் சுமார் 1,600 ஜான்ஸ்கி. ஆகவே சூரியன் மட்டுமின்றி சிக்னஸ் ஏ, வெடித்த விண்மீன்களின் எச்சங்களான காசியோப்பியா ஏ, டாரஸ் ஏ ஆகியவையும் பட்டை பட்டையாகப் பதிவாகும். அவை இந்த 28 மீட்டர் இடைவெளிக்குப் புள்ளிகள் போன்றவை என்பதால், பட்டையின் ஆழத்தையும் கட்டத்தையும் சரிபார்க்க நமக்குக் கிடைத்த இயற்கையான அளவுகோல்களும் அவையே. குமரியின் அகலாங்கு தெற்கு வானத்தையும் தாராளமாகத் திறந்துவிடுகிறது. நம் பால்வீதியின் மையம் இங்கே தொடுவானத்துக்கு மேலே 53 பாகை உயரத்தில் கடக்கிறது. இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: பால்வீதியின் ஹைட்ரஜன் கரங்களை அளப்பதே உங்கள் நோக்கம் என்றால் குறுக்கீட்டுமானி வேண்டாம், ஒரு டிஷ் போதும். வானில் அகலமாகப் பரந்து கிடக்கும் ஒளிர்வை இரண்டு டிஷ் கருவி கரைத்துவிடும். சிறியதும் செறிவானதும் மட்டுமே பட்டையாகத் தெரியும்.

சாண் அலையின் இன்னொரு சலுகை, வானத்து அலையை அதிர்வெண் மாற்றாமலே கேபிளில் கொண்டுவந்துவிடலாம் என்பது. மொட்டைமாடியில் எங்களைப் படாதபாடு படுத்திய படிகப் பிரச்சினை இங்கே டிஷ்ஷின் மேல் இல்லை. நனையாத அறைக்குள், மேசை மேல் இருக்கிறது. கணினியில் செருகும் சிறு ரிசீவர்களான ஆர்.டி.எல். டாங்கிள்கள் இரண்டுக்கும் ஒரே 28.8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைக் கொடுத்து, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒரே இரைச்சல் மூலத்தை இரண்டுக்கும் சேர்த்து ஊட்டி, இடைப்பட்ட கட்ட வித்தியாசத்தை அளந்து கழித்துவிட வேண்டும். டாங்கிள் வேண்டாம், பழைய முறையே போதும் என்பவர்களுக்கு மார்ட்டின் ரைல் 1952-ல் வெளியிட்ட வழி இருக்கிறது: ஒரு டிஷ்ஷின் பாதையில் அரை அலைநீளக் கேபிளைச் சேர்த்தும் நீக்கியும் மாற்றி மாற்றிப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது. வானத்தின் பொதுவான இரைச்சலும் பெருக்கியின் ஏற்ற இறக்கமும் கழிபட்டு, பட்டை மட்டும் மிஞ்சும். சாண் அலைக்கு அந்தக் கேபிள் துண்டின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். மாணவர் ஒருவர் அதைத் தம் கையாலேயே வெட்டி முனை கட்டலாம். 1974-ல் நோபல் பரிசு பெற்றவரின் உத்தியைக் கத்தரிக்கோலும் சூட்டுக்கோலும் கொண்டு செய்துபார்ப்பது சிறிய காரியமல்ல.

நாள்தோறும் யார் பார்ப்பது

சென்ற ஆண்டு ஒரே ஒரு வலை டிஷ்ஷை ஆறு மாதம் சோதனைக்காக நிறுத்தியிருந்தோம். ஆனி மாதம், சாரல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் சூரியனின் பதிவு பாதியாகக் குறைந்துவிட்டது. பெருக்கியைச் சந்தேகித்து மாற்றினோம், கேபிளை மாற்றினோம், இணைப்பு முனையைக் கழற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்தோம், கொஞ்சம் இருந்தது, துடைத்தோம். பதிவு ஏறவில்லை. கடைசியில் டிஷ்ஷின் குவியத்தில் இருக்கும் தகரக் குழாயை இறக்கிப் பார்த்தபோது, உள்ளே இரண்டு அங்குல நீளமுள்ள செப்புக் கம்பியைச் சுற்றி, ஈர மண்ணால் ஒரு குளவிக் கூடு கட்டியிருந்தது. கூட்டைச் சுரண்டி எடுத்து, குழாயின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் மூடியை ஒட்டிய மறுநாள் பதிவு பழைய உயரத்துக்கு வந்தது. அந்தக் குழாயைத் தினமும் அண்ணாந்து பார்க்க ஒருவர் இருந்திருந்தால், குளவி மண் சுமக்கத் தொடங்கிய அன்றே தெரிந்திருக்கும்.

இடத்தைத் தேர்வதில் இதற்கு நான் மிகுந்த எடை கொடுக்கிறேன். தென்னந்தோப்புக்குத் தேங்காய் வெட்டும் நாளில்தான் ஆள் வரும். அடுத்த வெட்டுக்கு ஒன்றரை மாதம் ஆகலாம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர்கள் மழையற்ற நாட்களில் விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். இழுகம்பி தளர்ந்திருப்பதோ, வலையில் தென்னோலை விழுந்து கிடப்பதோ, காட்டுப்பன்றி கேபிள் தடத்தைக் கிளறியிருப்பதோ அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. தோட்டத்து மேற்பார்வையாளர் அண்ணாச்சி எங்களிடம் முதலில் கேட்டதே, "காலையில பாத்து என்ன சொல்லணும்னு எழுதித் தாங்க" என்பதுதான். மொட்டைமாடிக்கு வீட்டுக்காரர் இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் கொடியில் துணி காயப்போடும் போது டிஷ்ஷைச் சற்றே தள்ளி வைப்பவரும் அவரே.

இயக்கத்துக்கான வேலைகளும் சாண் அலைக்குச் சாதகமாகவே அமைகின்றன. டிஷ்ஷைச் சுழற்ற மோட்டார் வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை; நம் ஈரத்தில் முதலில் பழுதாவது அதுதான். இரண்டு டிஷ்களையும் நடுவானை நோக்கி நிறுத்தி, சாய்வை மட்டும் ஒரு திருகுக் கம்பியால் கையால் மாற்றினால் போதும். பார்வை அகலம் ஆறு பாகை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் கூடச் சூரியன் நாளொன்றுக்கு 0.4 பாகைதான் வடக்கிலோ தெற்கிலோ நகரும் என்பதால், வாரம் ஒருமுறை திருகினால் சரியாக இருக்கும். நண்பகலில் குவியக் குழாயின் நிழல் வலையின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பதே நோக்குச் சோதனை. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பின்னாளில் யாராவது துருவ அச்சுத் தாங்கி (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் டிஷ்ஷைச் சுழற்றும் தாங்கி) வைக்க விரும்பினால், வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அங்கே 40, 50 பாகை உயர்ந்து நிற்கும் அச்சு நம் மாவட்டத்தில் தரையிலிருந்து எட்டுப் பாகை மட்டுமே உயர்ந்து, ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். ஊட்டியின் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அந்த ஊரின் அகலாங்குக்குச் சமமான, 11 பாகைச் சரிவுள்ள மலையின் மேல் கிடத்தியதன் சூட்சுமமும் இதுவே.

கேபிள்கள் இரண்டும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய, ஒரே நீளமுள்ளவையாக இருக்க வேண்டும்; இரண்டும் பி.வி.சி. குழாய்க்குள் இரண்டடி ஆழத்தில் ஓட வேண்டும். ஒன்று வெயிலிலும் மற்றொன்று நிழலிலும் கிடந்தால், நண்பகலில் சூரியன் கடக்கும் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்ளேயே கட்டம் நகர்ந்துவிடும். சாதாரணத் தொலைக்காட்சிக் கேபிளில் இந்த அதிர்வெண் நூறு மீட்டருக்கு 25 டெசிபல் அளவுக்கு இழக்கும். நம் தூரம் குறைவு என்பதால், டிஷ்ஷின் மேலேயே நல்ல பெருக்கி இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். பதிவைப் பொறுத்தவரை, இரண்டு டாங்கிள்களின் முழுத் தரவையும் அப்படியே சேமிக்க நினைப்பவர்கள் மணிக்கு 34 ஜிகாபைட்டுக்கு மேல் நிரம்புவதைப் பார்த்து ஒரே வாரத்தில் கைவிடுவார்கள். இரண்டையும் அப்போதைக்கப்போதே பெருக்கிச் சராசரி எடுத்து, நொடிக்கு ஓர் எண் மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

இந்தத் திட்டத்தில் நான் உண்மையில் அஞ்சுவது இடியை. சித்திரை, வைகாசிப் பிற்பகல்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலையடிவாரத்தில் இடி இறங்குவது வழக்கம். உப்பும் கரியும் இட்ட நில இணைப்புக் குழி ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் தனியாக வேண்டும். இரண்டு குழிகளையும் கனத்த செப்புக் கம்பியால் இணைக்கவும் வேண்டும். அறைக்குள் நுழையும் இடத்தில் மின்வீச்சுத் தடுப்பான் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், மேகம் கறுத்தால் கேபிளைக் கையால் கழற்றி வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு கிடையாது. மின்சாரத்தை இன்வெர்ட்டரிலிருந்து எடுக்காமல் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், இரைச்சலும் குறையும், மின்வெட்டும் பதிவை அறுக்காது.

மொட்டைமாடிக் கருவியை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. அது ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது, புதிய பணம் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டை என்றால் என்ன என்று முதன்முதலில் பார்ப்பது அங்கேயே நடக்கட்டும். புதிய பணம் பேச்சிப்பாறைப் பக்கம் போகட்டும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியப்போகிறேன். சம்மதம் கிடைத்தால் வைகாசி பாதியாகும் முன் கேபிள் பள்ளமும் நில இணைப்புக் குழிகளும் முடிந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அந்தச் செம்மண்ணில் மண்வெட்டி இறங்காது, சேறுதான் வரும். தோட்டக்காரர் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: பால் வெட்டப் போகும் நடைபாதையின் குறுக்கே இழுகம்பி எதுவும் வரக் கூடாது. அதற்காக வரைபடத்தில் மேற்கு டிஷ்ஷை நான்கு மீட்டர் கிழக்கே நகர்த்தியிருக்கிறேன். கிழக்கு டிஷ்ஷையும் அதே நான்கு மீட்டர் நகர்த்த அங்கே வெளி இருக்கிறது. 28 மீட்டர் குறையாமல் நிற்கிறது.